ஒன்று என்ற எண்: ஆக்ஸ்ஃபோர்டின் சேர்க்கைக் கணக்கு வெளியே வந்த கதை

2010 டிசம்பரில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் டேவிட் லாம்மி ஒரு கட்டுரை எழுதினார். வடக்கு லண்டனில் உள்ள டாட்டன்ஹாம் தொகுதியின் லேபர் கட்சி எம்.பி. அவர். பெற்றோர் கயானாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அந்தக் கட்டுரையை இன்றைக்கு யாரும் முழுசாக ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை. ஆனால் அதிலிருந்த ஒரு எண் தங்கிவிட்டது. 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இளநிலைப் படிப்பில் சேர்த்துக்கொண்ட பிரிட்டிஷ் கறுப்பின கரீபியன் மாணவர்கள் எத்தனை பேர்? 1.

இந்த 1 எங்கிருந்து வந்தது, பிறகு எங்கெல்லாம் போனது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தகவல் கேட்கும் சட்டத்தின் பலம், பலவீனம் இரண்டுமே இந்த ஒற்றை எண்ணின் கதைக்குள் இருக்கிறது. குறிப்புகளை வரிசைப்படுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டம் வருவதற்கு முன்னால்

முதலில், இப்படி ஒரு சட்டம் இல்லாத காலத்தில் சேர்க்கைக் கணக்கு எப்படி வெளியே வந்தது என்று பார்த்துவிடலாம். அதற்கு நல்ல உதாரணம் தெற்கு லண்டனில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி. இருக்கிற இடம் டூட்டிங். இலங்கைத் தமிழர் கடைகளும் கோயிலும் உள்ள பகுதி என்பதால் லண்டன் போய்வந்த நம்மவர்கள் பலருக்கும் தெரிந்த பேர்தான்.

அந்தக் கல்லூரிக்கு ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும். யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுவது என்று வடிகட்டுவது பெரிய வேலை. அதைச் சுலபமாக்க அங்கிருந்த ஒரு மருத்துவரே கணினி நிரல் எழுதினார். 1982-லிருந்து முதற்கட்ட வடிகட்டல் முழுக்க அந்த நிரலின் கையில். பழைய தேர்வுக்குழு எப்படி முடிவெடுத்ததோ அதே மாதிரி முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. 90 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போனது என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

பிரச்சினை அங்கேதான். பழைய குழுவிடம் இருந்த பாரபட்சமும் சேர்ந்தே நிரலுக்குள் போய்விட்டது. விண்ணப்பப் படிவத்தில் இனம் என்று ஒரு கட்டமே கிடையாது. ஆனால் நிரல் விண்ணப்பதாரரின் பெயரையும் பிறந்த இடத்தையும் வைத்து ஐரோப்பியரா இல்லையா என்று பிரித்தது. ஐரோப்பியப் பெயர் இல்லையென்றால் மதிப்பெண் குறையும். பெண் என்றாலும் குறையும், கொஞ்சம் குறைவாக. வருஷத்துக்கு 60 பேர் வரை இதனால் நேர்காணல் வாய்ப்பையே இழந்திருக்கலாம் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

இதை வெளியே கொண்டுவந்தது அதே கல்லூரியில் வேலை பார்த்த இரண்டு மருத்துவர்கள்: ஜோ காலியர், ஆக்ரி பர்க். லண்டன் மருத்துவக் கல்லூரி மாணவர்களின் பெயர்ப் பட்டியலை வைத்து, குடும்பப் பெயரைப் பார்த்துப் பார்த்து, கையால் எண்ணி, 1986-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன சமத்துவ ஆணையத்துக்கும் தகவல் போனது. ஆணையம் முறையாக விசாரித்து 1988-ல் அறிக்கை கொடுத்தது. பாரபட்சம் நடந்தது உண்மை என்று அறிக்கை சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பியர் அல்லாத மாணவர்களின் விகிதம் செயின்ட் ஜார்ஜில் லண்டனின் பல மருத்துவக் கல்லூரிகளைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதாவது மாட்டிக்கொண்ட கல்லூரி, இருந்ததிலேயே மோசமான கல்லூரி என்று அர்த்தமில்லை. மற்ற கல்லூரிகளில் பாரபட்சம் மனித மூளைக்குள் இருந்தது. அதை எடுத்துப் படிக்க முடியாது. இங்கே நிரலாக எழுதி வைத்திருந்ததால் படிக்க முடிந்தது. எழுதி வைத்தவன்தான் மாட்டுவான். இந்த விதி பின்னாலும் வரும்.

1990 சேர்க்கையிலிருந்து பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பத்திலேயே இனப் பின்னணியைக் கேட்க ஆரம்பித்தார்கள். முடிவெடுக்கும்வரை அந்தப் பதில் பல்கலைக்கழகத்துக்குக் காட்டப்படாது, கணக்கெடுப்புக்கு மட்டும். ஆக, 1990-க்குப் பிறகு தரவு இருந்தது. பொதுமக்கள் பார்க்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

தரவு இல்லாதபோது சண்டை எப்படி நடக்கும் என்பதற்கு 2000-ம் வருஷம் சாட்சி. அந்த மே மாதம் வடகிழக்கு இங்கிலாந்தின் அரசுப் பள்ளி மாணவி ஒருவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவ இடம் கிடைக்கவில்லை, அமெரிக்காவின் ஹார்வர்ட் அவரை எடுத்துக்கொண்டது என்ற செய்தியைப் பிடித்துக்கொண்டு, நிதியமைச்சர் கார்டன் பிரவுன் ஆக்ஸ்ஃபோர்டைக் கடுமையாகச் சாடினார். வாரக்கணக்கில் விவாதம். அந்த ஒரு பெண்ணின் மதிப்பெண், நேர்காணல் குறிப்பு எல்லாம் நாளிதழ்களில் அலசப்பட்டன. 18 வயசுப் பெண் ஒருத்தியின் கதையை வைத்து ஒரு நாட்டின் சேர்க்கை முறையை எடை போட்டார்கள். பட்டியல் கையில் இல்லாதவர்கள் ஆளைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சட்டம் எப்படி வேலை செய்கிறது

அதே 2000 நவம்பரில் பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. ஆனால் குடிமக்கள் தகவல் கேட்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 1-ல்தான். நாலு வருஷத்துக்கும் மேல் காக்க வைத்தார்கள். (நம்ம தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக அமலானதும் அதே 2005-ல், அக்டோபர் 12.) சட்டத்தைக் கொண்டுவந்த டோனி பிளேர், பதவி விலகிய பிறகு எழுதிய தன் நினைவுக் குறிப்பில், இப்படி ஒரு சட்டம் போட்டதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஒரு சட்டத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா என்ன.

சட்டம் எளிமையானது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சல் போதும். ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். பொதுப்பணம் பெறும் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்குள் வருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. அங்கே மாணவரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கல்லூரிகள்தான். இரண்டு ஊரிலும் முப்பது முப்பது கல்லூரிக்குக் குறையாமல் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் ஒவ்வொரு கல்லூரியும் தனி அமைப்பு. பல்கலைக்கழகம் கைவிரித்தால் ஒவ்வொரு கல்லூரியின் கதவையும் தனித்தனியாகத் தட்டலாம். தட்டுகிறவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மறுப்பதற்கும் வழிகள் உண்டு. தேடி எடுக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் மறுக்கலாம். மணிக்கு 25 பவுண்டு வீதம் 450 பவுண்டு வரை என்பது அந்த வரம்பு. தனிநபர் விவரம் வெளியாகிவிடும் என்றால் மறுக்கலாம். நாங்களே பின்னால் வெளியிடப் போகிறோம் என்றும் சொல்லலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே மறுபரிசீலனை கேட்டு, பிறகு தகவல் ஆணையர், அதற்குமேல் தீர்ப்பாயம் என்று போகலாம்.

லாம்மி 2010 மே வரை உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்தவர். ஆட்சி மாறி பதவி போன பிறகு, தெருவில் போகிற எந்த மனிதரும் பயன்படுத்தக்கூடிய இதே சட்டத்தைக் கையில் எடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் கேள்விகள் போயின. வந்த பதில்களிலிருந்துதான் அந்த டிசம்பர் கட்டுரை. முந்தைய வருஷம் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஒரு கறுப்பின மாணவருக்குக்கூட இடம் தர முன்வரவில்லை என்று தெரிந்தது. கூடவே அந்த 1.

எண் பயணப்படுகிறது

2011 ஏப்ரலில் ஹாரகேட் நகரத்தில் நடந்த கேள்வி-பதில் கூட்டத்தில் பிரதமர் டேவிட் கேமரன் பேசினார். போன வருஷம் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது ஒரே ஒரு கறுப்பினத்தவர்தான், இது வெட்கக்கேடு என்ற அர்த்தத்தில் சொன்னார். கேமரனே ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்.

லாம்மி எழுதியதற்கும் கேமரன் சொன்னதற்கும் நடுவே என்ன உதிர்ந்துபோனது பாருங்கள். "பிரிட்டிஷ்" போச்சு. "கரீபியன்" போச்சு. "இளநிலை" போச்சு. எண் மட்டும் அப்படியே நின்றது.

பிரிட்டனின் கணக்கெடுப்பில் கறுப்பின ஆப்பிரிக்கர், கறுப்பின கரீபியன், பிற கறுப்பினத்தவர் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு உடனே மறுப்பு விட்டது: அந்த 1 கரீபியன் பிரிவுக்கு மட்டும், ஒரு வருஷத்துக்கு மட்டும், அந்த வருஷம் கறுப்பினப் பின்னணி கொண்ட பிரிட்டிஷ் இளநிலை மாணவர்கள் 41 பேர் சேர்ந்தார்கள். பிரதமர் சொன்னது தவறு, திசைதிருப்புவது என்றது.

பல்கலைக்கழகம் சொன்னது சரிதான். ஆனால் எனக்குப் படுவது இது: அந்த 41 என்ற எண் தலைப்புச் செய்தியானதே பிரதமர் தப்பாகச் சொன்னதால்தான். தப்பான எண்ணைத் திருத்த வேண்டிய கட்டாயம் வந்தபோது சரியான எண் மேடைக்கு வந்தது. இதற்காகப் பொய்யான எண்களைச் சொல்லலாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டி வைத்த தரவின் இயல்பு அப்படி.

ஆக்ஸ்ஃபோர்டிடம் இன்னும் வலுவான இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று: 2009-ல் நாடு முழுக்க மூன்று ஏ கிரேடு வாங்கிய கறுப்பின மாணவர்கள் 452 பேர்தான், வெள்ளையர் 29,000-க்கும் மேல். பள்ளியிலேயே பள்ளம் விழுந்துவிட்டது, எங்கள் வாசலில் இல்லை. இரண்டு: தங்களிடம் வரும் கறுப்பின விண்ணப்பதாரர்களில் 44 சதவீதம் பேர் போட்டி மிக அதிகமான மூன்றே மூன்று படிப்புகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், வெள்ளையரில் 17 சதவீதம்தான் அப்படி. மருத்துவத்துக்கு அலைமோதினால் வெற்றி விகிதம் குறையத்தானே செய்யும்?

இந்த இரண்டாவது வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மருத்துவம், கணிதம் என்று பிள்ளைகளைத் தள்ளுகிற குடியேறிக் குடும்பம் எப்படிப்பட்டது என்று தமிழர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எல்லாப் படிப்பையும் ஒன்றாகக் கூட்டினால், பாரபட்சம் துளிகூட இல்லாத இடத்திலும் இருக்கிற மாதிரி தெரியும்.

சரியான கேள்வி

இந்த வாதத்துக்குப் பதில் 2013 பிப்ரவரியில் வந்தது. அதே சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு தரவைக் கார்டியன் வெளியிட்டது. 2010, 2011 வருஷங்களுக்கானது. ஒட்டுமொத்தமாக, விண்ணப்பித்த வெள்ளையரில் 25.7 சதவீதம் பேருக்கு இடம் தர முன்வந்தார்கள். சிறுபான்மை இனத்தவரில் 17.2 சதவீதம். இதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் பழைய பதிலே போதும். ஆனால் இந்த முறை கேட்டவர் அதோடு நிறுத்தவில்லை. படிப்புவாரியாகவும், வாங்கிய கிரேடுவாரியாகவும் பிரித்துக் கேட்டிருந்தார். மருத்துவத்துக்கு மட்டும், அதிலும் மூன்று ஏ ஸ்டார் வாங்கியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால்: வெள்ளையர் 43 சதவீதம், சிறுபான்மையினர் 22 சதவீதம்.

ஒரே படிப்பு, ஒரே கிரேடு. கடினமான படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்ற விளக்கம் இந்த இடத்தில் நிற்காது.

இதனால் பாரபட்சம் நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு இடம் தரும் முடிவை எடுப்பது குளிர்காலத்தில்; ஏ லெவல் முடிவு வருவது ஆகஸ்டில். முடிவெடுத்தபோது யார் மூன்று ஏ ஸ்டார் வாங்கப் போகிறார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது. மருத்துவத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, நேர்காணல் உண்டு. அந்த மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடுத்த படி ஏற முடியும். ஆனாலும் பேச்சு எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது பாருங்கள். 2000-ல் ஒரு பெண்ணின் பெயர். 2010-ல் ஒரு எண். 2013-ல் ஒரு ஒப்பீடு. சட்டம் அதே சட்டம்தான். கேள்வி கேட்கத் தெரிந்துகொண்டார்கள்.

இந்த மாதிரித் தரவு கேட்க நினைப்பவர்களுக்கு நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: சேர்ந்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் பிரயோஜனம் இல்லை. விண்ணப்பித்தவர், இடம் தரப்பட்டவர், சேர்ந்தவர் என்று மூன்று கட்டமும் வேண்டும். உள்நாட்டு மாணவர், வெளிநாட்டு மாணவர் தனியாக வேண்டும். படிப்புவாரியாக வேண்டும். ஒரே வருஷத்தில் எண் சின்னதாகிவிடும் என்றால், மூன்று வருஷத்தைச் சேர்த்துத் தரும்படி நாமே முதலிலேயே கேட்டுவிடலாம்.

சின்ன எண்ணின் சிக்கல்

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அந்த 1-க்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் இல்லையா? ஒரு வருஷம், ஒரு பல்கலைக்கழகம், ஒரு இனப்பிரிவு, எண்ணிக்கை 1. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு அது யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. பிரதமரே வெட்கக்கேடு என்று சொன்ன அந்த எண்ணாகத் தன்னைத்தானே நாளிதழில் படிப்பது எப்படி இருக்கும்?

இதைச் சட்டம் யோசிக்காமல் இல்லை. 2008-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, அப்போதைய உச்ச நீதிமன்றமாக, ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு வழக்கைத் தீர்த்தது. டம்ஃப்ரீஸ் கேலோவே பகுதியில் குழந்தைகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோய் எண்ணிக்கையை வார்டுவாரியாக ஒருவர் கேட்டிருந்தார். எண்கள் ரொம்பச் சின்னவை. குழந்தை யார் என்று தெரிந்துவிடும் என்று மறுத்தார்கள். சின்ன எண்களில் வேண்டுமென்றே ஒன்றைக் கூட்டியோ கழித்தோ கலைத்துக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. அடையாளம் தெரியாதபடி மாற்ற முடிந்தால் கொடுக்கலாம், முடியுமா என்று ஆணையர் பார்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது சபை.

பிரிட்டனின் உயர்கல்விப் புள்ளிவிவர முகமை இதற்கு வேறொரு வழி வைத்திருந்தது. வெளியிடும் எல்லா எண்ணையும் 5-ன் மடங்காக மாற்றிவிடும். 0, 1, 2 மூன்றும் 0 ஆகிவிடும். தனிமனிதருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் இந்த விதிப்படி லாம்மியின் 1 வெளியாகியிருந்தால் 0 என்றுதான் வந்திருக்கும். அந்த மாணவர் பத்திரமாக இருந்திருப்பார். கூடவே கணக்கிலிருந்தே காணாமல் போயிருப்பார்.

சிறுபான்மைக் கணக்கின் பொதுவான இக்கட்டு இது. எங்கே பற்றாக்குறை மிக மோசமோ அங்கேதான் எண் மிகச் சின்னது. எண் மிகச் சின்னதாக இருக்கும் இடத்தில்தான் மறைக்க நியாயமான காரணமும் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வருஷங்களைச் சேர்த்துக் கேட்பது ஒரு நடுவழி: ஆள் மறைவார், போக்கு மறையாது.

கேட்பதிலிருந்து வெளியிடுவதற்கு

லாம்மி விடவில்லை. 2017 அக்டோபரில் அடுத்த சுற்று வந்தது. 2010 முதல் 2015 வரையிலான தரவு. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டின் 32 கல்லூரிகளில் 10 கல்லூரிகள், ஏ லெவல் முடித்த ஒரு கறுப்பின பிரிட்டிஷ் மாணவருக்குக்கூட இடம் தரவில்லை. கேம்பிரிட்ஜில் 6 கல்லூரிகள். இரண்டு பல்கலைக்கழகங்களும் தந்த இடங்களில், சமூகத்தின் மேல்தட்டு இரண்டு வகுப்பினருக்குப் போனது 2010-ல் 79 சதவீதமாக இருந்து 2015-ல் 81 சதவீதமாகக் கூடியிருந்தது. இந்த முறை எண் ஒரே வருஷத்தில் தொங்கவில்லை. ஆறு வருஷக் கணக்கு.

2018 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டு தானாகவே வருடாந்தரச் சேர்க்கைப் புள்ளிவிவர அறிக்கையை முதல்முறையாக வெளியிட்டது. கல்லூரிவாரியாக, மூன்று மூன்று வருஷம் சேர்த்து. 2017-ல் சேர்ந்த உள்நாட்டு மாணவர்களில் கறுப்பினத்தவர் 1.9 சதவீதம் என்று அதிலேயே போட்டிருந்தது. அப்போதும் லாம்மி விமர்சித்தார். பல்கலைக்கழகம் பதில் சொன்னது. சண்டை ஓயவில்லை. ஆனால் இப்போது இரண்டு பேர் கையிலும் ஒரே பட்டியல்.

இன்னும் முக்கியமானது 2017-ல் வந்த உயர்கல்வி, ஆராய்ச்சிச் சட்டம். அதன்படி இங்கிலாந்தின் பதிவு பெற்ற உயர்கல்வி நிறுவனங்கள் விண்ணப்பம், இடம் தந்தது, சேர்ந்தது, படிப்பை முடித்தது என்ற எண்களைப் பாலினம், இனம், சமூகப் பொருளாதாரப் பின்னணி வாரியாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆள் ஆளாகக் கேட்டு வாங்கிய அதே கட்டங்கள், யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவை ஆகின.

தகவல் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஊழல், டெண்டர் என்றே பேசுகிறோம். இந்தக் கதையில் ஊழலே இல்லை. யாரும் காசு வாங்கவில்லை, யாரும் சிறைக்குப் போகவில்லை. நடந்தது ஒன்றுதான்: ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்து வைத்திருந்ததை, எல்லாரும் தெரிந்துகொண்டு கேள்வி கேட்கிற நிலைமை வந்தது. முதல் கேள்வி கரடுமுரடாகத்தான் இருந்தது. அதை ஒரு பிரதமர் இன்னும் கெடுத்தார். ஆனாலும் அந்தக் கரடுமுரடான கேள்வி இல்லாமல் 2013-ன் நுணுக்கமான கேள்வி வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தரவே இல்லாதவர்களிடம் நல்ல கேள்வியை எதிர்பார்ப்பது, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றுக்கொள்ளச் சொல்வது மாதிரி.